சூடு சொரணை

எனக்கு வந்தது பெருவியாதி அல்ல. அதை முதலிலேயே சொல்லிப்போடுகிறேன். இதைக் கையில் எடுக்கிறவர்களில் பாதிப் பேர் அதைத் தெரிந்துகொள்ளத்தான் எடுப்பீர்கள். நம்ம பக்கத்தில் குஷ்டம் என்ற சொல்லை வாயில் எடுக்கமாட்டார்கள். பெருவியாதி என்று குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள். அந்தச் சொல் என் முதுகுக்குப் பின்னால் எத்தனை வாயில் புரண்டது என்று எனக்குத் தெரியும். அந்த வாய்களை அடைக்கவும், என்னைப் போல் சொறிந்து சொறிந்து சாகிறவன் எவனாவது இருந்தால் பிழைத்துப் போகட்டும் என்பதற்கும்தான் எழுதுகிறேன். மூணாங் கிளாசோடு நின்றவன் நான். எழுத்தில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். விஷயத்தில் பிழை இருக்காது.

பொள்ளாச்சிக்குத் தெற்கே அடுத்தவன் காட்டில் ஆடு மேய்த்தவன் நான். கொப்பரை மூட்டை ஏற்றப் போய், வண்டிக்காரனாகி, ஒரு கிழட்டு லாரியைக் கடனுக்கு வாங்கி, அதன் அடியில் படுத்து நானே ரிப்பேர் செய்து, அது இரண்டாகி, பிறகு ஒரு வரிசையாக நின்றது. ஒருவனும் கை கொடுத்துத் தூக்கிவிடவில்லை. போத்தனூர் போகிற ரோட்டில் இன்றைக்கும் என் மாடி வீட்டைத்தான் அடையாளம் சொல்லி வழி காட்டுகிறார்கள்.

காசு வந்ததும் நான் முதலில் விட்டது களியை. ராகிக் களி, சோளச் சோறு, கம்மஞ்சோறு, இதைத் தின்றுதான் வளர்ந்தேன். அதைக் கண்டாலே பழைய பசி ஞாபகம் வரும். பம்பாய்க்கு லோடு ஏற்றிப் போன காலத்தில் சேட்டுகள் சப்பாத்தி தின்று வாட்டசாட்டமாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். அன்றிலிருந்து காலையில் ரொட்டியும் வெண்ணெயும், மத்தியானம் பூரி, ராத்திரி சப்பாத்தி. அரிசித் தட்டுப்பாடு வந்து ஊரே ரேஷன் கோதுமையைத் திட்டிக்கொண்டு தின்றபோது நான் சிரித்தேன். நான் அதைப் பிரியப்பட்டுத் தின்கிறவன்.

எனக்கு ஒரு வாய்ப் பழக்கம். லேட்டாக வந்த டிரைவர், மூட்டையை நனையவிட்ட கிளீனர், சட்னியில் உப்புக் குறைத்த என் சம்சாரம் நாச்சாள், எல்லாரையும் ஒரே கேள்விதான் கேட்பேன். "சூடு சொரணை இருக்கா?" அந்தக் கேள்வியில்தான் என் லாரிகள் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தன. நாச்சாளின் தம்பி ரங்கசாமி என் லாரி ஆபீசில்தான் இருந்தான். ஒரு சமயம் டீசல் குறைந்தது. காலி டின்னைத் தலையில் வைத்து அவனை டிரைவர்கள் முன்னால் வெயிலில் நிறுத்தி அதே கேள்வியைக் கேட்டேன். அன்றைக்கே ஊரைவிட்டுப் போனவன் மைசூர்ப் பக்கம் எங்கோ இருப்பதாகக் கேள்வி. டீசலை எடுத்தது வேறு ஆள் என்று பின்னால் தெரிந்தது. அதற்காக மச்சினனைத் தேடிப் போய்க் கைகட்டி நிற்க முடியுமா? தொழில் செய்கிறவனுக்குத் தெரியும்.

அந்த வருசம் ஐப்பசியில் வலது முழங்கையில் கடுகு கடுகாகக் கொப்புளம் வந்தது. இடது முழங்கையிலும் அதே இடத்தில் அதே மாதிரி. பிறகு இரண்டு முட்டியிலும், பிட்டத்திலும், பிடரியிலும். கொத்துக் கொத்தாக, கண்ணாடியில் பார்த்த மாதிரி இந்தப் பக்கம் எப்படியோ அந்தப் பக்கமும் அப்படி. அரிப்பு என்றால் நீங்கள் நினைக்கிற அரிப்பு இல்லை. நெருப்பை ஊசியில் எடுத்துக் குத்துகிற மாதிரி. மாடு தேய்க்கிற தேங்காய் நாரை வைத்துத் தேய்த்தேன். கொப்புளம் உடைந்து ரத்தம் வந்தால்தான் கொஞ்சம் அடங்கும். கொப்புளத்தை முழுசாகக் கண்ட நாள் குறைவு. அதற்குள் நகம் முந்திக்கொள்ளும். கூடவே வயிறும் கெட்டது. தின்றது தின்றபடி வெளியே போகும், தண்ணீர் ஊற்றினாலும் போகாமல் எண்ணெய் மாதிரி மிதக்கும். சட்டை தொளதொள என்று ஆனது. வயிறு வேறு, தோல் வேறு என்று நினைத்தேன். யாரும் இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை.

சொறி சிரங்கு என்று கந்தகக் களிம்பு கொடுத்தார்கள். வீட்டில் எல்லாருக்கும் பூசினோம். எனக்கு மட்டும் போகவில்லை. நாச்சாளைக் கேட்டேன், "யாரு புள்ளெ எனக்கு ஆனைமலையில மிளகா அரைச்சிருப்பாங்க?"

ஆனைமலை மாசாணியம்மன் கோயிலில், அநியாயம் செய்தவனை நினைத்து மிளகாய் அரைத்துக் கல்லில் பூசினால் அவனுக்கு உடம்பெல்லாம் எரியும் என்பது நம்ம பக்கத்து நம்பிக்கை. நினைத்தது நடந்ததும் திரும்பப் போய் எண்ணெய்க் காப்புச் செய்து அம்மனைக் குளிர வைக்கவேண்டும்.

"அரைக்கறதுக்கு ஆளா இல்லீங்க உங்களுக்கு," என்றாள் நாச்சாள். "வரிசையில நின்னு அரைச்சிருப்பாங்க."

முதலில் என் மருமகள்தான் பேரக்குழந்தையை என் மடியிலிருந்து தூக்கிக்கொண்டு போனாள். அடுத்து எனக்கென்று ஓர் ஈயத்தட்டு வந்தது. மற்றத் தட்டோடு கலந்துவிடக் கூடாது என்று விளிம்பில் ஆணியால் ஓர் ஓட்டை போட்டிருந்தார்கள். தோட்டத்து ஆளுகளுக்கு ஊற்றுகிற மாதிரி மருமகள் உயரத்தில் இருந்து தண்ணீர் ஊற்றினாள், நான் இரண்டு கையையும் குவித்துக் குடித்தேன். நான் கட்டின வீட்டில். அப்புறம் என் மகன் தங்கவேலு வந்து தள்ளி நின்றான்.

"அப்பா, கோவிச்சுக்காதீங்க. நம்ம லாரி ஷெட்டுல கட்டில் போட்டிருக்குதுங்க. கொஞ்ச நாளைக்கு அங்க இருங்க."

"டயரோட டயரா?"

"ஆஸ்பத்திரியில காட்டலாமுங்க. அது இல்லீன்னு டாக்டர் சொல்லிப்போட்டா நீங்க ஊட்டுக்கு வரலாம். அதுதான்னு சொன்னா, பாதிரிமார் நடத்தற விடுதி ஒண்ணு இருக்குதுங்க. பேசி வெச்சிருக்கறேன்."

பேசி வைத்திருக்கிறான். எனக்குப் பிறந்தவன் லோடு புக் பண்ணுகிற மாதிரி என்னை புக் பண்ணி வைத்திருக்கிறான். அவனைக் குற்றம் சொல்ல மாட்டேன். தொழிலை என்னிடம்தான் படித்தான். ஆனால் அந்த நிமிசம் முடிவு செய்தேன். அந்த வீட்டுக்குள் நடந்து போவேன், இல்லாவிட்டால் ஆஸ்பத்திரியிலேயே சாவேன். விடுதிக்குப் போகமாட்டேன்.

கோயமுத்தூரில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் தோல் வார்டு வராந்தாவின் கோடியில் கட்டில் கொடுத்தார்கள். ஆஸ்பத்திரி பேர் வேண்டாம். பெஞ்சில் காத்திருந்தபோது எனக்கு இரண்டு பக்கமும் இடம் காலியாகவே இருந்தது. கூட்டத்தில் நின்றவர்கள் நின்றுகொண்டே இருந்தார்களே தவிர உட்காரவில்லை. பக்கத்துக் கட்டிலில் போத்தனூர் ரயில் ஷெட்டில் வேலை பார்த்த ஜோசப். எஞ்சின் ஆவியில் கால் வெந்தவர். வாய் மட்டும் வேகவில்லை.

"ஏனுங்க முதலாளி, லாரிக்காரரு ரயில்காரன் பக்கத்துல படுக்கலாமுங்களா? நாம பரம்பரை எதிரியாச்சே."

டாக்டர் சின்ன வயசு, தடிக் கண்ணாடி. முதலில் என் காது மடலைக் கிள்ளிப் பிடித்து, ரத்தம் வராதபடி இறுக்கி, பிளேடால் கீறி, அந்த ஈரத்தைக் கண்ணாடிச் சில்லில் தடவி எடுத்துக்கொண்டார். குஷ்டத்தின் கிருமி இருந்தால் அதில் தெரியுமாம். முழங்கையில் நரம்பு தடித்திருக்கிறதா என்று உருட்டிப் பார்த்தார். கொப்புளத்தின் ஓரத்தில் ஒரு சிட்டிகைத் தோலை வெட்டிப் பாட்டிலில் போட்டார். பிறகு இரண்டு கண்ணாடிக் குழாயைக் கொண்டுவரச் சொன்னார். ஒன்றில் வெந்நீர், ஒன்றில் பச்சைத் தண்ணீர்.

"கண்ணை மூடிக்குங்க. தோல்ல வைப்பேன். எது சூடு, எது குளிர்ச்சின்னு சொல்லணும்."

சொன்னேன். ஒன்று தப்பவில்லை.

"சூடு சரியாத் தெரியுது. இனிமே சொரணை," என்று நர்சிடம் சொல்லிவிட்டுப் பஞ்சைத் திரித்து நுனியால் தொட்டார். "பட்டா 'பட்டுது'ன்னு சொல்லுங்க."

"பட்டுது. பட்டுது. பட்டுது."

ஜோசப் வார்டுக்கே கேட்கிற மாதிரி சொன்னார். "முதலாளிக்குச் சூடு சொரணை இருக்குதான்னு டாக்டரய்யா பாக்கறாருங்க."

வராந்தா முழுக்கச் சிரித்தது. புண்ணுக்குக் கட்டுப் போட்டிருந்தவன், நடக்க முடியாதவன், எல்லாவனும் சிரித்தான். நான் கண்ணை மூடிக்கொண்டு "பட்டுது, பட்டுது" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கண்ணைத் திறந்தபோது நாச்சாள் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றாள். தோள் குலுங்கியது. பாவம், அழுகிறாள் என்று நினைத்தேன்.

டாக்டர் சொன்னார், "குஷ்டத்துல படை வந்த இடம் மரத்துப் போகும். கிள்ளினாலும் தெரியாது. உங்களுக்குத் தெரிய வேண்டியதுக்கு மேலயே தெரியுது. சூடு, சொரணை ரெண்டும் நல்லா இருக்கு. இது அது இல்லை." காதில் எடுத்ததிலும் கிருமி இல்லை என்று வந்தது. அயோடின் கலந்த ஒரு களிம்பை முதுகில் நல்ல தோலில் ஒட்டினார். மறுநாள் அங்கேயும் கொப்புளம் கிளம்பியது. அவர் சந்தேகப்பட்ட வியாதிக்கு அதுதான் அத்தாட்சியாம், அதைப் பார்த்து அவருக்குச் சந்தோசம். டெர்மடைட்டிஸ் என்று தொடங்கிப் பாம்பு ஊர்கிற மாதிரி நீளுகிற ஒரு பேரைச் சொன்னார். எனக்கு வாயில் நுழையவில்லை. பெருவியாதி இல்லை என்பது மட்டும் நுழைந்தது.

ஒரு மாத்திரை கொடுத்தார். சொன்னால் நம்பமாட்டீர்கள், மூன்றாம் நாள் அரிப்பு நின்றது. ஒரு வருசத்துக்கு மேல் நெருப்பில் கிடந்தவன் குழந்தை மாதிரி தூங்கினேன். தங்கவேலுவுக்கு ஆள் அனுப்பினேன், வண்டியைக் கொண்டுவா, வீட்டுக்கு வருகிறேன் என்று.

அவன் வந்தான். வராந்தாப் படியிலேயே நின்றான்.

"மாத்திரை பேரு டாப்சோனுங்களா?"

"ஆமா. அதுக்கென்ன?"

"மருந்துக் கடையில கேட்டனுங்க. அது பெருவியாதிக்காரங்களுக்குக் குடுக்கற மாத்திரையாமுங்க."

டாக்டரைக் கூப்பிட்டு அவன் முன்னால் நிறுத்தினேன். டாக்டர் மறைக்கவில்லை. "ஆமா, அதுக்கும் இதுதான் கொடுக்கறோம். அவருக்கு இருக்கறது வேற. ஆனா இந்தக் கொப்புளமும் இந்த மாத்திரைக்குக் கட்டுப்படுது. ஏன்னு இன்னும் யாருக்கும் முழுசாத் தெரியாது."

தங்கவேலுவுக்கு அந்தக் கடைசி வாக்கியம் போதுமானதாக இருந்தது. "டாக்டருக்கே தெரியலீங்களாமுங்கப்பா," என்று சொல்லிவிட்டுப் போனான். போகிற வழியில் நர்சிடம் இன்னும் எத்தனை நாள் பில் வரும் என்று கேட்டானாம். அதற்கப்புறம் பணம் டிரைவர் கையில் வந்தது, அவன் வரவில்லை. வார்டிலும் பரவிப்போய், காப்பி கொண்டுவருகிறவன் தூரத்தில் வைத்துவிட்டு ஓடினான். ஜோசப்பிடம் கட்டில் மாற்றித் தரட்டுமா என்று கேட்டார்கள்.

"வேண்டாமுங்க," என்றார் அவர். "முதலாளிக காசைத்தான் நமக்கு ஒட்டவிடறதில்லை. வியாதியாவது ஒட்டட்டும்."

என்னைத் தொட்டது நாச்சாள் ஒருத்திதான். துணியை வேப்பிலை போட்டுத் துவைப்பாள், கொப்புளத்தில் தண்ணீர் கசிந்தால் விரலாலேயே துடைப்பாள். தினமும் பேக்கரியில் புதுப் பன் வாங்கிவந்து, பாலில் ஊறவைத்து ஊட்டுவாள். நம்ம ஊரில் காய்ச்சல்காரனைப் பார்க்கப் போனால் என்ன வாங்கிப் போவோம்? பன்னும் ரொட்டியும்தானே. சோறு ஆகாதவனுக்கும் ரொட்டி ஆகும் என்பது சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரிந்த விஷயம்.

மாத்திரையில் என் உதடு நீலம் பாரித்தது, ரத்தம் குறைந்தது. டாக்டர் பயந்து அளவைக் குறைத்தார். குறைத்ததும் கொப்புளம் பழையபடி கிளம்பியது. வயிறும் போனது. எழுந்து நிற்க முடியவில்லை. வீட்டுக்கு நடந்து போவதாவது, கக்கூசுக்கு நடந்து போக முடியவில்லை. இரவுகளில் கையை முதுகுக்குக் கீழே வைத்துப் படுத்துக்கொண்டேன், நகத்துக்கு எட்டக் கூடாது என்று. விடுதியே மேல், அங்கே ஒருவரையொருவர் பார்த்துப் பயப்படமாட்டார்கள் என்றுகூடத் தோன்றியது. அப்படித் தோன்றியதை நினைத்தால் இப்போதும் என் மேல் எனக்கே எரிச்சல்.

ஒருநாள் நர்ஸ் சொல்லித் தெரிந்துகொண்டு டாக்டர் வந்து கட்டிலிலேயே உட்கார்ந்தார்.

"மலம் மிதக்கறதை ஏன் முன்னாலேயே சொல்லலை?"

"தோல் டாக்டர்கிட்ட எதுக்குங்க அதைச் சொல்லோணும்?"

"என்ன சாப்பிடறீங்க?"

கேட்டாரே என்று பெருமையாகச் சொன்னேன். "அரிசியே தொடமாட்டனுங்க. ரொட்டி, சப்பாத்தி, பூரி. சேட்டுக சாப்பாடு. இங்க வந்ததுல இருந்து பன்னு."

"சின்ன வயசுல?"

"களிதானுங்க. சோளம், கம்பு."

"அப்போ அரிப்பு இருந்துதா?"

"பசிதானுங்க இருந்துது."

அவர் சிரிக்கவில்லை. வெளிநாட்டில் இப்போதுதான் கண்டுபிடித்து எழுதியிருக்கிறார்களாம், இந்தக் கொப்புளக்காரர்களில் பலருக்குக் குடலும் கெட்டிருக்கும் என்று. குடல் நோய்க்கு சீலியாக் என்று பேர். எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். "குடலோட உள்பக்கம் தேங்காய்ப்பூத் துண்டு மாதிரி பொசுபொசுன்னு இருக்கணும். அப்பத்தான் சத்தை உறிஞ்சும். உங்களுக்கு அந்தப் பூவெல்லாம் உதிர்ந்து வெறும் வேட்டி மாதிரி ஆயிருக்கும்னு நினைக்கறேன். கோதுமை மாவைப் பிசைஞ்சு தண்ணியில கழுவினா கடைசியில ரப்பர் மாதிரி ஒண்ணு மிஞ்சுமே, அந்தப் பசைதான் சில பேரு குடலுக்கு ஆகாது. தோல்ல வர்றது அதுக்கு அடையாளம்."

இது எனக்கு உடனே பிடிபட்டது. டாஷ்போர்டில் சூடு காட்டுகிற முள் ஏறினால் முள்ளைக் கழற்றக் கூடாது, எஞ்சினைப் பார்க்கவேண்டும். ஒரு வருசமாக எல்லாவனும் முள்ளுக்குக் களிம்பு பூசிக்கொண்டிருந்தான்.

"அப்ப நான் என்னத்தைத்தானுங்க திங்கறது?"

"களி," என்றார்.

எத்தனையோ பேரிடம் அடி வாங்கியிருக்கிறேன். அந்தச் சொல் மாதிரி ஒரு அடி வாங்கியதில்லை. அதைத் தின்னக் கூடாது என்றுதானே இத்தனையும் சம்பாதித்தேன். ஜோசப் பக்கத்துக் கட்டிலில் இருந்து கை நீட்டினார். "அந்தப் பன்னை இப்படித் தள்ளுங்க முதலாளி. உங்களுக்கு விசம், எனக்குப் பலகாரம்."

அந்த வெள்ளிக்கிழமை நாச்சாள் வரவில்லை. "ஊருக்குப் போயிட்டு வாரனுங்க" என்று முந்தின நாள் சொல்லியிருந்தாள். சனிக்கிழமை தூக்குப்போசியில் ராகிக் களியோடு வந்தாள். நெற்றியில் குங்குமம், கையில் நல்லெண்ணெய் வாசம். எந்த ஊருக்கு என்று நான் கேட்கவில்லை. களியைப் பார்த்துத்தான் முகத்தைச் சுளித்தேன்.

வயிறு முதலில் கட்டியது. முகத்தில் ரத்தம் வந்தது. தோல் அவசரப்படவில்லை, மாதக் கணக்கில் நேரம் எடுத்தது. மாத்திரையை டாக்டர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, ஒருநாள் நிறுத்தியே விட்டார். கொப்புளம் திரும்பவில்லை. இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது முழங்கை, முட்டி, பிட்டம், பிடரி என்று இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கொத்துக் கொத்தாகக் கொப்புளமும் உயிர் போகிற அரிப்பும் இருந்தால், வயிற்றைப் பற்றியும் டாக்டரிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள். கேட்கிற டாக்டராகப் பார்த்துச் சொல்லுங்கள்.

நான் யாருக்கும் சொல்லி அனுப்பவில்லை. நாச்சாளோடு வாடகைக் காரில் போய் வீட்டு வாசலில் இறங்கினேன். வெள்ளைச் சட்டை, முழங்கை வரை மடித்துவிட்டிருந்தேன், தெரு பார்க்கட்டும் என்று. தங்கவேலு கூடத்தில் என் நாற்காலியில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தான். எழுந்து நின்றான்.

"அப்பா, சொல்லியிருந்தா வண்டி அனுப்பியிருப்பேனுங்களே."

"வீடு யாரு பேர்ல இருக்குது கண்ணு?"

"உங்க பேர்லதானுங்க."

"ஷெட்டுல அந்தக் கட்டில் இன்னும் கெடக்குதா?"

"கெடக்குதுங்க."

"கொஞ்ச நாளைக்கு அங்க இரு."

சிரித்துப் பார்த்தான். நான் சிரிக்கவில்லை. அவன் சம்சாரம் குழந்தையோடு அவள் அப்பன் வீட்டுக்குப் போனாள். அவன் டயருக்கு நடுவில் போய்ப் படுத்தான். மழைக்காலம் முழுக்கப் படுத்தான். ஓட்டை போட்ட ஈயத்தட்டை நான் வெளியே வீசவில்லை. கழுவி அவனுக்குக் கொடுத்தனுப்பினேன். கொடுமை என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். சொல்லட்டும். அவர்கள் யாரும் என்னை ஆஸ்பத்திரியில் வந்து பார்க்கவில்லை.

நான் வந்து இறங்கின அன்று மத்தியானம் என் வீட்டில், என் இடத்தில், வெள்ளித் தட்டுப் போட்டு உட்கார்ந்தேன். நாச்சாள் களியை உருண்டையாக வைத்து, நடுவில் குழி செய்து, மிளகாயும் புளியும் வைத்து அரைத்த சட்னியை அதில் விட்டாள். விட்டுவிட்டுப் போகாமல் நின்றாள்.

"ஏனுங்க, ஒண்ணு சொல்லோணும்."

"சொல்லு."

"மிளகா அரைச்சது யாருன்னு கேட்டுட்டே இருந்தீங்களே. நாந்தானுங்க."

கை களியிலேயே நின்றது.

"ரங்கசாமியை டின்னோட நிக்க வெச்சீங்களே, அந்த வாரமே போயி அரைச்சுப்போட்டு வந்தனுங்க. ஐப்பசியில உங்களுக்குக் கொப்புளம் வந்துது. அம்மன் இத்தனை வெரசாக் கேக்கும்னு நான் நினைக்கலீங்க."

"அப்பறம் எதுக்குடி தெனமும் பன்னு வாங்கியாந்து ஊட்டுனே?"

"பாவமா இருந்துதுங்க."

"என்னைப் பாத்தா?"

"என்னைப் பாத்துங்க."

"அந்தப் பன்னுதான் என்னைக் கொன்னுதுன்னு டாக்டர் சொன்னது உனக்குத் தெரியுமில்ல?"

"தெரியுமுங்க. கேட்டுட்டுத்தான் வெள்ளிக்கிழமை ஆனைமலைக்குப் போயி எண்ணெய்க் காப்பு செஞ்சு குளிர வெச்சுப்போட்டு வந்தேன். நீங்க நல்லானது களியிலயோ, காப்புலயோ, எனக்குத் தெரியாதுங்க."

களியில்தான். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அப்போது வேறு ஒன்றைத்தான் கேட்டேன்.

"இத்தனை நாளும் சொல்லாதவ இப்ப எதுக்குச் சொல்றே?"

நாச்சாள் கரண்டியைச் சட்னியில் முக்கி, இன்னொரு கரண்டி ஊற்றினாள்.

"உங்களுக்குச் சூடு சொரணை எல்லாம் நல்லா இருக்குதுன்னு அந்த டாக்டரு சொன்னாருங்களே. அன்னிக்குச் செவுத்துப் பக்கம் திரும்பி நான் அழுவலீங்க, சிரிச்சேன். நெசமாலுமே இருக்குதுன்னா, சொன்னா ஒறைக்குமான்னு பாக்கலாம்னுதான்."

களியைப் பிட்டுச் சட்னியில் தோய்த்து வாயில் போட்டேன். மெல்லாமல் விழுங்கினேன். கண்ணில் தண்ணீர் வந்தது. அவள் குனிந்து என் முகத்தைப் பார்த்தாள், அந்த டாக்டர் பஞ்சை வைத்துவிட்டு என் பதிலுக்குக் காத்திருந்த மாதிரியே.

"ஒறைக்குதுங்களா?"

"ஒறைக்குது," என்றேன்.